பெரியம்மா வீட்டுக் கண்ணாடிக் கை: பழைய கண்ணாடிச் சாமானை அடையாளம் காண்பது பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மும்பை மாட்டுங்காவில் என் பெரியம்மா வீட்டுக் கொலுவில் வருஷா வருஷம் ஒரு கண்ணாடிக் கை உட்கார்ந்திருக்கும். மணிக்கட்டுவரை ஒரு பெண் கை, அதில் வளையல், விரல்களுக்கு நடுவே ஊமத்தம்பூ மாதிரி விரிந்த ஒரு குழல். நிறம் செண்டுமல்லி ஆரஞ்சு, விளக்கு பட்டால் அதன் மேல் நீலமும் ரோஸும் ஓடும். பெரியப்பாவைக் கேட்டால் "பெல்ஜியம்" என்பார், அதற்கு மேல் பேச்சு கிடையாது. கட்டடம் ரீடெவலப்மென்டுக்குப் போனபோது வெள்ளிக்கும் பித்தளைக்கும் போட்டி இருந்தது, கையை மட்டும் யாரும் கேட்கவில்லை. நான் செம்பூருக்குத் தூக்கி வந்துவிட்டேன். அது பெல்ஜியம் இல்லை, உத்தரப் பிரதேசத்து ஃபிரோசாபாத் என்று புரிய எனக்கு இரண்டு வருஷம் ஆனது. அதற்குள் சொந்தத்திலும் பில்டிங்கிலும் செய்தி பரவி, யார் வீட்டுப் பரணிலிருந்து என்ன இறங்கினாலும் வாட்ஸ்அப்பில் எனக்குத்தான் படம் வருகிறது. அப்படி வந்த கேள்விகளைத்தான் இங்கே சேர்த்திருக்கிறேன்.

கையில் எடுத்ததும் முதலில் எதைப் பார்க்க வேண்டும்?

அடியை. நிறம், பூ வேலைப்பாடு, விற்றவர் சொன்ன கதை எல்லாம் அப்புறம். கட்டிலில் ஒரு துண்டை விரித்து அதன் மேல் கவிழ்த்துப் பாருங்கள், தரையில் வேண்டாம், மொசைக் தரை மன்னிக்காது.

நடுவில் உடைந்த மாதிரி ஒரு சொரசொரப்பான தழும்பு இருந்தால், ஊதும் குழலிலிருந்து பிரித்த சாமானை அடிப்பக்கம் ஒரு இரும்புக் கம்பியில் ஒட்டிப் பிடித்துக்கொண்டு வாயை முடித்திருக்கிறார்கள், அதாவது கைவேலை. அந்த இடம் குழியாக, வழுவழுப்பாகத் தேய்க்கப்பட்டிருந்தால் அதே வேலைதான், மெருகுக்குக் கூடுதலாகச் செலவு செய்திருக்கிறார்கள். தழும்பே இல்லாமல் ஒரு வளையம் மட்டும் இருந்தால் பெரும்பாலும் அச்சில் செய்தது. அடி முழுக்கச் சமமாக அரைக்கப்பட்டிருந்தால் ஐரோப்பியத் தொழிற்சாலைகளும் நினைவுக்கு வர வேண்டும், ஆனால் அதை மட்டும் வைத்து நாட்டைச் சொல்லிவிட முடியாது.

அச்சில் அழுத்தியதா, அச்சுக்குள் ஊதியதா என்று எப்படித் தெரியும்?

விரலை உள்ளே விட்டுத் தடவுங்கள். வெளியே திராட்சைக் கொத்து புடைத்திருக்கிறது, உள்ளே அந்த இடம் வழுவழுவென்று இருக்கிறது என்றால் அழுத்தியது: உருகிய கண்ணாடியை அச்சில் விட்டு மேலிருந்து ஒரு உலக்கையால் அழுத்துவார்கள், உள்பக்கத்தின் வடிவம் அந்த உலக்கையுடையது. வெளியே மேடான இடம் உள்ளே பள்ளமாக இருந்தால் அச்சுக்குள் ஊதியது. ஊதியது பொதுவாக மெல்லிசாகவும் எடை குறைவாகவும் இருக்கும். இரண்டிலும் அச்சின் பாகங்கள் சேரும் இடத்தில் செங்குத்தாக ஒரு கோடு வரும். கோடே இல்லாவிட்டால் அச்சில்லாமல் ஊதியிருக்கலாம், அல்லது சூட்டிலோ சாணையிலோ கோட்டை அழித்திருக்கலாம். கோட்டை எண்ணிக் குறித்து வையுங்கள், இரண்டா மூன்றா நான்கா என்பது பிறகு ஒப்பிட உதவும்.

கடைக்காரர் "பெல்ஜியம் கண்ணாடி மேடம்" என்கிறார். நம்பலாமா?

பெல்ஜியத்தில் நல்ல கண்ணாடி செய்தார்கள் என்பது உண்மை, வால் சான் லம்பேர் தொழிற்சாலை 1826-ல் தொடங்கியது. ஆனால் நம் ஊர்ப் பேச்சில் "பெல்ஜியம்" என்பது நாட்டின் பெயரே இல்லை, செட்டிநாட்டு வீட்டு முகம் பார்க்கும் கண்ணாடியிலிருந்து மும்பைப் பழைய சாமான் சந்தையான சோர் பஜாரின் விளக்குக் கூண்டுவரை கனமாகவும் பழசாகவும் இருக்கும் எதற்கும் கொடுக்கும் பட்டம். அதை ஒரு தகவலாக எடுத்துக்கொள்ளாமல் பேரத்தின் ஆரம்பமாக எடுத்துக்கொள்ளுங்கள். இன்றைய செக் நாட்டில் இருக்கும் பொஹீமியா, இங்கிலாந்து, ஜப்பான், நம் உத்தரப் பிரதேசம் என்று எல்லா இடத்துச் சரக்கும் இந்த ஒரு பெயரில் விற்பதை நானே பார்த்திருக்கிறேன். என் பெரியப்பாவும் யாரோ ஒரு கடைக்காரர் சொன்னதைத்தான் நாற்பது வருஷம் சொல்லிக்கொண்டிருந்தார் என்று நினைக்கிறேன், பாவம்.

அக்கா, அடியில் 36 என்று இருக்கிறது. 1936-ஆ?

இல்லை. இந்தக் கேள்வி மாதம் ஒரு முறை வருகிறது, பெரும்பாலும் வளைகுடாவில் வேலை பார்த்த சித்தப்பாவோ மாமாவோ கொண்டுவந்த தேன் நிற டம்ளரின் படத்தோடு. பிரான்ஸின் டியூராலெக்ஸ் டம்ளர் அடியில் இருக்கும் எண் எந்த அச்சிலிருந்து வந்தது என்பதைக் காட்டுகிறது, அவ்வளவுதான். பிரெஞ்சுப் பிள்ளைகள் பள்ளிக்கூடச் சாப்பாட்டு மேசையில் அந்த எண்ணைப் பார்த்து "உனக்கு வயசு இத்தனை" என்று விளையாடுவார்களாம். அடியில் இரண்டு இலக்கம் மட்டும் இருந்தால் அதை வருஷமாகப் படிக்காதீர்கள்.

அப்படியானால் எந்த எழுத்து காலத்தைச் சொல்லும்?

நாட்டின் பெயர்தான் நல்ல சாட்சி. 1891-லிருந்து அமெரிக்காவுக்குப் போகும் சரக்கில் அது எந்த நாட்டுடையது என்று போட வேண்டும் என்று சட்டம் வந்தது, அதற்குப் பிறகுதான் இந்தப் பழக்கம் பெருகியது. செக்கோஸ்லோவாக்கியா என்று இருந்தால் 1918-க்கு முன்னால் இருக்க முடியாது, அந்த நாடு 1992 கடைசிவரை இருந்தது. மேற்கு ஜெர்மனி என்றால் 1949-க்கும் 1990-க்கும் இடையில். 'ஆக்கிரமிக்கப்பட்ட ஜப்பானில் செய்தது' என்று ஆங்கிலத்தில் இருந்தால் இரண்டாம் உலகப்போருக்குப் பின், 1952-க்குள்.

பிரிட்டிஷ் சாமானில் சாய்சதுர முத்திரை இருந்தால் அந்த வடிவமைப்பு 1842-க்கும் 1883-க்கும் இடையில் பதிவானது, 1884 முதல் அதற்குப் பதிலாக ஒரு வரிசை எண் வந்தது. இரண்டுமே பதிவான நாளைத்தான் சொல்கின்றன, உங்கள் கையில் இருக்கும் ஜாடி பல வருஷம் கழித்துச் செய்ததாக இருக்கலாம். இங்கிலாந்தின் கேட்ஸ்ஹெட்டில் இருந்த சவர்பி தொழிற்சாலை மயில் தலை ஒன்றை முத்திரையாக வைத்திருந்தது, 1876-ல் பதிவானது. மயிலைப் பார்த்துவிட்டு நம் ஊர்ச் சரக்கு என்று நினைத்த ஆள் நான்.

எழுத்து கண்ணுக்குத் தெரியாவிட்டால் ராத்திரி லைட்டை அணைத்துவிட்டு, போன் டார்ச்சைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடியுங்கள். பகலில் இல்லாத எழுத்து நிழலில் எழும்பும்.

மேலே பெட்ரோல் சிந்தின தண்ணீர் மாதிரி வானவில் ஓடுகிறது. இது என்ன?

இதற்குக் கொஞ்சம் நீளமாகத்தான் சொல்ல வேண்டும், ஏனென்றால் பெரியம்மாவின் கண்ணாடிக் கையும் இந்த ஜாதிதான்.

அச்சிலிருந்து வெளியே வந்த கண்ணாடி ஆறுவதற்குள் அதன் மேல் தகர, இரும்பு உப்புக் கரைசலைத் தெளிப்பார்கள். அது மிக மெல்லிய ஏடாகப் படிந்து ஒளியைப் பிரிக்கும், சோப்புக் குமிழியில் நடப்பதேதான். அமெரிக்காவில் லூயிஸ் கம்ஃபர்ட் டிஃபனி 1890-களில் கையால் ஊதிய சாமான்களில் இந்தப் பளபளப்பைக் கொண்டுவந்து பணக்காரர்களுக்கு விற்றார். 1907 வாக்கில் ஃபென்டன் கம்பெனி, அதையே அச்சில் அழுத்திய மலிவான கிண்ணங்களின் மேல் தெளித்துச் சாதாரண வீடுகளுக்குக் கொண்டுபோனது. திருவிழா விளையாட்டுக் கடைகளில் பரிசாகக் கொடுத்ததால் பின்னாளில் சேகரிப்பவர்கள் அதைக் கார்னிவல் கண்ணாடி என்று அழைத்தார்கள். செய்தவர்கள் வைத்த பெயர் அல்ல.

நம் ஊருக்கு வருவோம். ஆக்ராவுக்குப் பக்கத்தில் இருக்கும் ஃபிரோசாபாத்தை நமக்கு வளையலால் தெரியும். அங்கே ஜெயின் கிளாஸ் வொர்க்ஸ் என்ற தொழிற்சாலை 1930-களிலிருந்து இந்த வகைக் கண்ணாடியைச் செய்தது, 1980-களில் மூடிவிட்டார்கள். மீன் உருவத்தில் ஒரு பூச்சாடி, யானை உருவத்தில் ஒன்று, பூங்குழலைப் பிடித்த கை, தண்ணீர்க் கூஜாவும் அதன் மேலேயே கவிழ்த்து வைக்கும் டம்ளரும், விதவிதமான டம்ளர்கள் என்று போய்க்கொண்டே இருக்கும். டம்ளரின் அடியில் சில சமயம் ஜெயின் என்று ஆங்கிலப் பெரிய எழுத்தில் புடைத்திருக்கும், அது இருந்தால் விஷயம் முடிந்தது. இல்லாவிட்டால் சில குணங்களைச் சேர்த்துப் பாருங்கள்: அச்சுக்குள் ஊதிய மெல்லிய கண்ணாடி, எதிர்பார்த்ததைவிட எடை குறைவு, நிறமில்லாத கண்ணாடியின் மேல் செண்டுமல்லி ஆரஞ்சு, அரைத்துவிட்ட விளிம்பு, உள்ளே அங்கங்கே சின்னக் குமிழிகள்.

அடிக்கண்ணாடியின் நிறத்தைத் தெரிந்துகொள்ள ஒரு வழி உண்டு: தெளிப்பு சரியாகப் படாத பாத வளையத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பாருங்கள். பக்கமெல்லாம் ஆரஞ்சாக இருந்து அந்த இடம் தண்ணீர் மாதிரி இருந்தால் மேல்பூச்சுதான் ஆரஞ்சு, கண்ணாடி இல்லை. என் கண்ணாடிக் கையில் முதலில் எனக்குப் பொறிதட்டிய இடம் அதுதான்.

உள்ளூர்ச் சரக்கு என்று தெரிந்ததும் சிலருக்கு முகம் வாடிவிடுகிறது. எனக்குப் பிடிபடாத சமாசாரம் இது. வெளிநாட்டில் கார்னிவல் கண்ணாடி சேகரிப்பவர்கள் இந்த மீனையும் கையையும் தேடி அலைகிறார்கள், நாம் அதில் ஊதுபத்தி குத்தி வைத்திருக்கிறோம்.

ஃபிரோசாபாத் தவிர இந்தியாவில் வேறு பழைய கண்ணாடி?

உண்டு, மும்பைக்காரர்களுக்குப் பக்கத்திலேயே. புனே அருகில் தளேகாவில் பைசா ஃபண்ட் கண்ணாடித் தொழிற்சாலை 1908-ல் தொடங்கியது, சுதேசி காலத்தில் ஆளுக்கு ஒரு பைசா என்று திரட்டிய பணத்தில். கராட் பக்கம் ஓகலேவாடியில் ஓகலே கம்பெனி, அவர்களுடைய பிரபாகர் லாந்தர் பழைய மராத்தி வீடுகளில் இன்னும் தொங்குகிறது. லாந்தர் சிம்னியில் எழுத்து இருக்கிறதா என்று துடைத்துப் பாருங்கள்.

விளிம்பு சொரசொரவென்று இருக்கிறது. உடைந்ததா?

அவசரப்படாதீர்கள். அச்சுக்குள் ஊதிய சாமானை மேலே வெட்டி எடுத்து, வெட்டிய இடத்தைச் சாணையில் அரைப்பார்கள். ஐரோப்பியத் தொழிற்சாலைகள் அதன் பிறகு சூட்டில் காட்டி மழுக்குவது வழக்கம், நம் ஊர் மலிவுச் சரக்கில் அந்த வேலையை விட்டுவிடுவதும் உண்டு. சுற்றிலும் ஒரே மாதிரி மங்கலாக, சமமாக இருந்தால் செய்தபோதே அப்படி. ஒரு இடத்தில் மட்டும் சிப்பி வடிவத்தில் பெயர்ந்திருந்தால் அது உடைசல்.

பச்சை டார்ச் அடித்தால் ஒளிரும் என்கிறார்களே, யுரேனியம்?

டார்ச் பச்சை இல்லை, புற ஊதா டார்ச். கள்ள நோட்டு பார்க்க விற்கிறார்களே, அதுவே போதும். மஞ்சள் பச்சைக் கண்ணாடியில் இருட்டில் அடித்தால் யுரேனியம் கலந்தது பச்சைப் பாம்பு மாதிரி பளீரென்று எரியும், கை நீட்டும் தூரத்திலிருந்தே தெரியும். பொஹீமியாவில் கண்ணாடி செய்த ரீடல் குடும்பம் 1830-களில் இதைச் செய்து, மஞ்சளுக்கு வீட்டுப் பெண் அன்னாவின் பெயரையே வைத்தது. இரண்டாம் உலகப்போரில் யுரேனியத்துக்கு வேறு வேலை வந்துவிட்டதால் அமெரிக்காவில் 1943 முதல் 1958 வரை கண்ணாடிக்குக் கிடைக்கவில்லை.

ஏமாற்றும் இடம் ஒன்று உண்டு. கண்ணாடியின் கலங்கல் பச்சையைப் போக்க மாங்கனீஸ் சேர்ப்பார்கள், அதுவும் லேசாகப் பச்சை காட்டும். டார்ச்சை ஒட்டிப் பிடித்தால்தான் தெரிகிறது, மங்கலாக இருக்கிறது என்றால் யுரேனியம் என்று கொண்டாட வேண்டாம். ஆரஞ்சாகவோ மஞ்சளாகவோ ஒளிர்ந்தால் காட்மியம் அல்லது செலினியமாக இருக்கலாம்.

அலமாரியில் வைத்தால் ஆபத்தா என்று உடனே அடுத்த கேள்வி வரும். அலமாரியில் இருக்கட்டும், தாராளமாக. அதில் தினமும் மோர் குடிக்க வேண்டாம்.

தட்டினால் மணி மாதிரி கேட்கிறது. கிரிஸ்டல்தானே?

ஓசை வடிவத்தையும் தடிமனையும் பொறுத்தது, சாதாரண மெல்லிய டம்ளரும் பாடும். தட்டித் தட்டி உடைத்தவர்களை எனக்குத் தெரியும். அதைவிட, சமையலறைத் தராசில் கணக்குப் போடுங்கள்.

முதலில் சாமானை மட்டும் எடை போடுங்கள், 312 கிராம் என்று வைத்துக்கொள்வோம். அப்புறம் தராசின் மேல் ஒரு பாத்திரத் தண்ணீரை வைத்துப் பூஜ்யமாக்குங்கள். சாமானை நூலில் கட்டி, தண்ணீருக்குள் முழுக்க முங்கும்படி, அடியிலும் பக்கத்திலும் படாமல் தொங்கவிடுங்கள், உள்ளே காற்று தங்கக் கூடாது. தராசு இப்போது 125 காட்டினால் 312-ஐ 125-ஆல் வகுங்கள், சுமார் 2.5. அது சாதாரண சோடாச் சுண்ணாம்புக் கண்ணாடி. 3-ஐ ஒட்டி வந்தால் ஈயம் கலந்த கிரிஸ்டல், ஐரோப்பிய விதிப்படி 24 சதவீதமாவது ஈய ஆக்சைடு இருந்தால்தான் அந்தப் பெயர். நூலை நன்றாக முடிச்சுப் போடுங்கள், இதற்காக என்னைத் திட்டக் கூடாது.

ஈயக் கிரிஸ்டலில் எலுமிச்சை ஜூஸ், ஊறுகாய், மது எதையும் ஊற்றி நாள்கணக்கில் வைக்காதீர்கள், புளிப்பு ஈயத்தை இழுக்கும்.

புதுசைப் பழசாக்கி விற்கிறார்களா?

விற்கிறார்கள். தெற்கு மும்பையில் ஒரு கடையில் "நூறு வருஷம்" என்று ஒரு ஊதா ஜாடி வாங்கினேன். வீட்டில் அடியை லென்ஸில் பார்த்தால் கீறல்கள் எல்லாம் ஒரே திசையில் போகின்றன, உப்புத்தாள் வேலை. அறுபது எழுபது வருஷம் அலமாரியில் நகர்ந்து நகர்ந்து வந்த கீறல் பொடிப்பொடியாக எல்லாத் திசையிலும் இருக்கும், அதுவும் தரையில் படும் மேட்டில் மட்டும். படாத குழியில் கீறல் இருந்தால் யாரோ உட்கார்ந்து தேய்த்திருக்கிறார்கள். இன்னொன்றும் உண்டு: பழைய அமெரிக்க அச்சுகளில் சிலவற்றை 1960-களில் எடுத்து மறுபடி கார்னிவல் கண்ணாடி செய்தார்கள். இம்பீரியல் கம்பெனி தன்னுடைய மறுபதிப்புகளில் ஐ, ஜி என்ற இரண்டு எழுத்தைப் பின்னிப் போட்டிருக்கும், அது ஏமாற்று இல்லை, ஆனால் பழசும் இல்லை.

கோலி சோடா பாட்டிலுக்கு மதிப்பு உண்டா?

மும்பையில் கோட்டி சோடா. ஹிராம் காட் என்ற ஆங்கிலேயர் 1870-களின் தொடக்கத்தில் காப்புரிமை பெற்ற பாட்டில் அது, வாயுவின் அழுத்தமே கோலியை மேலே தள்ளி மூடிவிடும். இன்றும் இந்தியாவில் செய்கிறார்கள், அதனால் பாட்டில் என்பதாலேயே மதிப்பு வராது. ஊர்ப்பெயரும் சோடாக் கம்பெனிப் பெயரும் புடைப்பெழுத்தில் இருந்தால் எடுத்து வையுங்கள். தாத்தா கடையின் பெயர் என்றால் கேட்கவே வேண்டாம்.

எப்படிக் கழுவுவது?

சபீனா, புளி, எலுமிச்சை, கம்பி நார் எதுவும் கூடாது. கார்னிவல் கண்ணாடியின் அழகெல்லாம் அந்த மெல்லிய ஏட்டில்தான் இருக்கிறது, புளி போட்டுத் தேய்த்தால் பித்தளை பளிச்சிடும், இது மொட்டையாகிவிடும். பெரியம்மா வீட்டில் வேலைக்கு வந்த அம்மாள் ஒரு தீபாவளிக்குக் கண்ணாடிக் கையின் கட்டைவிரலை அப்படித்தான் வெளுக்க வைத்தார், அது இன்னும் வெள்ளைக் கட்டைவிரல்தான். வெதுவெதுப்பான தண்ணீர், ஒரு சொட்டு சோப்பு, பிளாஸ்டிக் டப், மெத்தென்ற துணி. டிஷ்வாஷர் பக்கமே போகாதீர்கள்.

மும்பையில் எங்கே பார்ப்பது, எங்கே வாங்குவது?

வாங்குவதற்கு முன் பார்க்கப் போங்கள். சத்ரபதி சிவாஜி மகாராஜ் வஸ்து சங்கிரஹாலயா அருங்காட்சியகத்தில் டாடா குடும்பத்தார் கொடுத்த ஐரோப்பியக் கலைப்பொருள்கள் இருக்கின்றன, கண்ணாடியும் உண்டு, நல்ல சரக்கு எப்படி இருக்கும் என்று கண் பழகும். வாங்க சோர் பஜாரின் மட்டன் தெரு. வெள்ளிக்கிழமை கடைகள் மூடியிருக்கும், ஆனால் அன்று விடியற்காலையில் தெருவோரச் சந்தை கூடுகிறது, லென்ஸும் டார்ச்சும் அங்கேதான் உதவும். ஹிந்தியில் பேசுங்கள், பொருளைப் பிடித்திருக்கிறது என்று முகத்தில் காட்டாதீர்கள். பழைய சாமான் எடுக்கும் பக்கத்து பங்கார்வாலாவையும் அலட்சியம் செய்ய வேண்டாம், எனக்கு ஒரு ஜெயின் டம்ளர் பழைய பேப்பர் கட்டோடு வந்தது.

பெண் அமெரிக்காவில் இருக்கிறாள். கொடுத்தனுப்பலாமா?

நூறு வருஷத்துக்கு உட்பட்டதென்றால் பொதுவாகப் பிரச்சினை இல்லை. நூறைத் தாண்டிய கைவினைப் பொருள் 1972-ம் வருஷத்துப் பழம்பொருள் சட்டத்துக்குள் வரலாம், அதைத் தனியார் வெளிநாட்டுக்குக் கொண்டுபோக முடியாது. சந்தேகம் வரக்கூடிய பொருளாக இருந்தால் தொல்லியல் துறையிடம் காட்டி, பழம்பொருள் அல்ல என்று சான்றிதழ் வாங்கிக்கொள்ளுங்கள். "கஸ்டம்ஸில் யார் பார்க்கப் போகிறார்கள்" என்று சொல்லும் மாப்பிள்ளைகள் பேச்சைக் கேட்க வேண்டாம்.

என்ன விலை போகும்?

நான் விலை சொல்வதில்லை. விற்பவர் கேட்கும் தொகையைப் பார்த்து மனக்கோட்டை கட்டாதீர்கள், விற்று முடிந்த விலையை மட்டும் பாருங்கள். கீறல், விரிசல், வெளுத்த இடம் ஒவ்வொன்றும் விலையைக் குறைக்கும், ஜோடியாக இருந்தால் ஏறும். இன்னொரு வேண்டுகோள்: அடியில் துளை போட்டு மேசை விளக்காக்காதீர்கள், அதன் பிறகு அதை வாங்க ஆள் கிடையாது.

உங்களுக்குப் படம் அனுப்பினால் சொல்வீர்களா?

சொல்வேன், ஆனால் ஒழுங்காக அனுப்ப வேண்டும். பக்கத்திலிருந்து ஒன்று, மேலிருந்து உள்ளே பார்த்து ஒன்று, அடி ஒன்று, ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து ஒன்று. பின்னால் வெள்ளைத் துணி, ஃபிளாஷ் வேண்டாம். உயரம் சென்டிமீட்டரில், எடை கிராமில், அச்சுக் கோடு எத்தனை, யாரிடமிருந்து வந்தது, அவர்கள் எந்த ஊரில் இருந்தார்கள். பூவோடு, ஊதுபத்தியோடு, பேரனோடு எடுத்த படம் அழகாகத்தான் இருக்கிறது, அதில் எனக்கு அடி தெரிவதில்லை.